கால் அறிந்த கழனி

அத்தியாயம் 5

"நாளைக்கு மீன் வாங்கட்டுமா, கறி வாங்கட்டுமா?" என்று அருள்தாஸ் கேட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். துவைத்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

மார்த்தாள் அடுப்படியில் இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "எதுனா வாங்கு" என்றாள்.

அவ்வளவுதான். மீன் என்றாவது சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு "எதுனா" என்பதே பதிலாகப் போய்விட்டது.

மறுநாள் காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாங்கி வைத்த டீ அப்படியே ஆடை கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் கடைக்காரருக்குச் சந்தேகமே வந்ததாம்.

அது நடந்து இன்றோடு நாற்பத்தோரு நாள்.

அருள்தாஸ் மெஷின் மேஸ்திரி. அறுப்புக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து நெல் அறுக்கும் மெஷின்கள் வந்து இறங்கும். மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஊர் தெரியாது. ஊர்க்காரனுக்கு மெஷின்காரனைத் தெரியாது. எந்தக் கழனிக்கு என்றைக்கு, எந்த வழியாக மெஷினை இறக்குவது என்று முடிவு செய்து இருவருக்கும் நடுவில் நிற்பவர்தான் மேஸ்திரி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத அருள்தாஸ், பதினோரு வருஷமாகச் சுற்றுப்பட்டுப் பத்து ஊர் நிலத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் மகன் ஜான்சன் ஒரகடத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அந்த இடத்தில் நின்றான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு தலைக்கு மேல் வந்துவிட்டிருந்தது.

நின்றானே தவிர, வேலை அவன் கைக்குள் நிற்கவில்லை. இந்த ஒரு வாரத்தில் இரண்டு நாள் மெஷின் சும்மா நின்றது. மெஷின் முதலாளி ஆத்தூரிலிருந்து போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையும் வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் அன்று சாயங்காலமே மெஷின் மதுராந்தகத்துக்குப் போய்விடும். மெஷின் போனால் மேஸ்திரி வேலையும் அதோடு போய்விடும். அடுத்த அறுப்புக்கு வேறு எவனாவது வந்து நிற்பான்.

இன்று வெள்ளிக்கிழமை.

---

"நாஷ்டா துன்னுட்டுப் போடா."

"டைம் இல்லம்மா. மெஷின் ஏழு மணிக்கு வந்துடும்." ஜான்சன் கம்பெனியில் கொடுத்த கறுப்பு ஷூவைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான். "கயனிக்காரங்க மூணு பேருக்கும் ஏழு மணின்னு சொல்லிக்கீறேன்."

மார்த்தாள் தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஒரு மெஷினு. மூணு பேருக்கும் எப்பிட்றா ஏழு மணி?"

"இன்னா பண்றது? ஃபோன் போட்டுப் போட்டு பேஜார் பண்றாங்கம்மா. யாரு கேட்டாலும் உங்களுக்குத்தாண்ணா மொதல்லன்னு சொல்லிட்டேன்."

உள்ளே கட்டில்மேல் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டிருந்த ஷாரோன் தலையை நீட்டினாள். செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள்.

"கல்யாண வூட்ல எல்லாருக்கும் மொதப் பந்தின்னு சொல்லிட்ட. எலை யாருண்ணா போடுவாங்க?"

"நீ படிடி."

"படிச்சிகினுதான் கீறேன். ரத்தக் கொதிப்புப் பாடம். உனக்குத்தான் யூஸ் ஆவும்."

அவன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் தங்கை ஒன்று சொன்னால் பதிலுக்கு இரண்டு சொல்லுவான். போகிறபோது ஒரு தோசையையாவது சுருட்டி எடுத்துக்கொள்வான் என்று மார்த்தாள் பார்த்தாள். எடுக்கவில்லை.

எட்டரை மணிக்கு அவள் போன் அடித்தது. ஏழு மணி சொல்லப்பட்ட மூவரில் ஒருவர், முத்துகிருஷ்ணன்.

"ம்மே மார்த்தா! உம் புள்ள எங் கயனில மெஷின புதைச்சிட்டுப் பேயாட்டம் நின்னுகினு கீறான். வந்து பாரு!"

"எந்தக் கயனிண்ணா? வாய்க்காலாண்டதா?"

"அதான். சீக்கிரம் வா. எனக்கு மண்ட காயுது."

போனை இடுப்பில் செருகியபடியே மார்த்தாள் அடுப்பை அணைத்தாள். ஷாரோன் அதற்குள் மொபெட்டை வெளியே தள்ளிவிட்டிருந்தாள். மூலையில் செருகியிருந்த இரண்டு அரிவாளையும் மண்வெட்டியையும் மார்த்தாள் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. கழனிக்குப் போகும்போது வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை.

பாதி தூரம் போனதும் ஷாரோன் வேகத்தைக் குறைத்தாள்.

"மா, ஒண்ணு சொல்லுவேன். அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லக்கூடாது."

"சொல்லு."

"கம்பெனில இருந்து ஃபோன் வந்துச்சு. இஞ்சின் டெஸ்டிங் பிரிவுல பர்மனென்ட்டா எடுத்துக்கிறாங்களாம். திங்கக்கிழமைக்குள்ள வந்து சேரணுமாம். அண்ணன், 'இல்ல சார், வர முடியாது'ன்னு சொல்ல வந்துட்டு, அதுவும் சொல்லாம, 'அப்பறம் சொல்றேன்'னு ஃபோன வெச்சிடுச்சு. நான் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

மார்த்தாள் மண்வெட்டிக் காம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

---

ரோட்டோரம் சுகுமாரின் இரண்டு ஏக்கர். அதை ஒட்டிப் பின்னால் முத்துகிருஷ்ணனின் மூன்று ஏக்கர். அதற்கப்புறம் வாய்க்கால். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கழனி. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டபோது நடுவே வரப்பு வந்தது. அந்த அண்ணன் மகன் முத்துகிருஷ்ணன், தம்பி மகன் சுகுமார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு போர்வெல் மோட்டார் விஷயத்தில் வாய்த் தகராறு வந்து, அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மார்த்தாளின் அம்மா அவர்களுடைய அப்பாக்களைப் பெரிய ஆண்டை, சின்ன ஆண்டை என்றுதான் கூப்பிடுவாள். மார்த்தாள் அப்படிக் கூப்பிடமாட்டேன் என்று பதினாறு வயதிலேயே சொல்லிவிட்டாள். முத்துகிருஷ்ணனையும் சுகுமாரையும் பெரியண்ணா, சின்னண்ணா என்பாள். முதலில் முகம் சுளித்தவர்களுக்குப் பிறகு அதுவே பழகிப்போனது.

மெஷின் வாய்க்கால் கரையிலிருந்து முத்துகிருஷ்ணன் கழனியில், வாய்க்கால் வளைந்து நடு வரப்புக்குக் கிட்டே வரும் கிழக்கு மூலையில் இறங்கி, பத்தடி போய், வலது முன்சக்கரம் பாதிக்கு மேல் புதைந்து சாய்ந்து நின்றது. டயர் வண்டி. டிரைவர் வெங்கடேசன் அதன் நிழலிலேயே குந்திக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா" என்று எழுந்து நின்றான்.

முத்துகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தியா? எங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் கயனில ஒரு மாடு வியுந்தது கெடயாது. உம் புள்ள மெஷினயே எறக்கிட்டான்."

அந்தப் பக்கம் தன் வரப்பில் நின்றிருந்த சுகுமார் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு மாடு வியுந்துக்கீது. அவருக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லு மார்த்தா."

"அவன் வேலய அவன பாக்கச் சொல்லு மார்த்தா."

"எம் வேலயத்தான் பாக்க வந்தேன். எனக்குத்தான் மொதல்லன்னு சொன்னான் இந்தப் பையன். அத்தயும் சொல்லு."

ஜான்சன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டை முழுக்கச் சேறு. இருபத்து நாலு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டவன் மாதிரி நின்றான்.

"ஏண்டா இந்தப் பக்கமா எறக்கின?"

"பெரியண்ணா கத்துனாரும்மா. அவருதுதான் மொதல்ல அறுக்கணும்னாரு. ரோட்டுப் பக்கமா வந்தா சின்னண்ணா நெல்ல மிதிக்கணும். அதான் வாய்க்கால் கரையா சுத்திகினு வந்தேன். மேல காஞ்சிருந்துச்சி. வெடிப்பு கூட விட்டிருந்துச்சி. எறங்கி நடந்து பாத்துட்டுத்தாம்மா எறக்கச் சொன்னேன்."

மார்த்தாள் அவன் காலைப் பார்த்தாள்.

"ஷூவோடயா நடந்த?"

அவன் குனிந்து தன் காலைத் தானே பார்த்துக்கொண்டான்.

மார்த்தாள் செருப்பைக் கரையில் விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கினாள்.

மேலே காய்ந்த மண் பொருக்காக உடைந்தது. அதற்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் குளிர்ச்சி. கட்டை விரலை அழுத்தினாள். மண் வழுக்கிக்கொண்டு உள்ளே வாங்கியது. அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. இந்த மூலையில் ஊற்று உண்டு. ஒவ்வொரு நடவுக்கும் இங்கே சின்னப் பெண்களை விடமாட்டாள். நீங்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று அனுப்பிவிட்டு இந்த மூலையை அவளே நடுவாள். முட்டி வரைக்கும் கால் போகும். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இறங்கும்.

மெஷினைச் சுற்றிக்கொண்டு இடது பக்கமாக நடந்தாள். நெல் தாள்களைக் கையால் விலக்கி விலக்கிக் காலை வைத்தாள். ஐந்தடி. எட்டடி. பதினோராவது அடியில் குதிகால் நின்றது. திரும்பவும் மிதித்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"தோ, இங்க" என்று கையைத் தூக்கினாள். "இங்க வந்துட்டா வண்டி நிக்கும்."

வெங்கடேசன் சிரித்தான். "கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதானுங்கக்கா தெரியுது."

"கண்ணால பாத்தா ஒரே மாதிரிதான்பா. நான் இந்தக் கயனில இருவது தடவைக்கு மேல நடவு நட்டுக்கீறேன். நீ நிக்கிற எடத்துல கால் போவும். இங்க நாத்த ஊணுனா வெரலு எறங்காது. நகம் பேந்து சாயங்காலம் சோறு பெசய முடியாது. கீழ பழைய களம் கீது. இவங்க அப்பா ரெண்டு பேரும் சேந்து போரடிச்ச களம். அப்பால மேல மண்ணு கொட்டிக் கயனி ஆக்கிட்டாங்க."

முத்துகிருஷ்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆமா. களம் இருந்துச்சி. அது எந்த எடம்னு எனக்கே மறந்துபோச்சி."

"உங்களுக்கு மறக்கும்ண்ணா. நீங்க வரப்பு மேல கொட புடிச்சிகினு நிப்பீங்க."

சுகுமார் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து, இருமலாக மாறியது.

---

அந்தப் பதினோரடி தூரத்துக்கு மெஷினைக் கொண்டுவர வழி வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கையால் அறுத்தால் ஆகிற வேலை. இரண்டு அரிவாள் இருந்தது. மார்த்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை முத்துகிருஷ்ணனிடம் நீட்டினாள்.

"நானா?"

"உங்க நெல்லுதானண்ணா?"

அறுபது வயசு மனிதர். ஒரு நிமிஷம் அரிவாளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். ஷாரோனும் ஜான்சனும் அறுத்த தாளைக் கத்தை கத்தையாக வாரிச் சக்கரத்தின் அடியில் திணித்தார்கள். "வெசயா அமுக்கித் திணிண்ணா, பஞ்சு வெச்சி கட்டு போட்ற மாதிரி" என்று ஷாரோன் அவனுக்குப் பாடம் நடத்தினாள்.

வெங்கடேசன் ஏறி இஞ்சினைக் கிளப்பினான். சக்கரம் வைக்கோலை அரைத்துத் துப்பியது. வண்டி நகரவில்லை. அவன் இன்னும் முறுக்கினான்.

"நிறுத்துங்க!" என்று ஜான்சன் கத்தினான்.

எல்லோரும் திரும்பினார்கள். காலையிலிருந்து அவன் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மண்ணு இல்லண்ணா, பெல்ட்டு. சக்கரத்துக்குப் போற பெல்ட்டு வழுக்குது. இஞ்சின் சத்தம் ஏறுது, சக்கரத்துல ஏறல. கேளுங்க."

வெங்கடேசன் திரும்ப ஒருமுறை மெதுவாகக் கொடுத்துப் பார்த்தான். மார்த்தாளுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. ஜான்சனோ தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இரைச்சலுக்குள் எதையோ தேடி எடுக்கிறவன் போல நின்றான். பிறகு ஸ்பானரை வாங்கிக்கொண்டு மெஷினின் பக்கத் தகட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டான்.

கால் மணி நேரம். வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கிரீஸ். அந்த முகத்தில் நாற்பத்தோரு நாளாக இல்லாத ஒன்று இருந்தது. தன் இடத்தில் நிற்கிறவனின் முகம். மார்த்தாள் அரிவாளைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பக்க பேரிங்கும் போவப்போவுதுண்ணா. இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். மாத்திடுங்க."

"ஒரு வாரமாவே வண்டி இழுக்கலீங்க தம்பி" என்றான் வெங்கடேசன். "நான் உங்கூரு மண்ணத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

இந்தத் தடவை வண்டி வைக்கோல்மேல் ஏறி, ஒரு உலுக்கு உலுக்கி, இடது பக்கம் திரும்பி, மார்த்தாள் காலால் காட்டிய இடத்தில் போய் நின்றது. இறங்கவில்லை.

ஷாரோன் கைதட்டினாள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

---

"எங்கிட்ட ஆரம்பிக்கச் சொல்லு" என்றார் முத்துகிருஷ்ணன். "வண்டி எங் கயனிலதான் கீது."

"நெல்ல அறுத்து எங்கண்ணா கொட்றது?" என்று கேட்டாள் மார்த்தாள். "டிராக்டரு ரோட்ல நிக்குது. வண்டி ரொம்பிடுச்சின்னா ரோட்டுக்குப் போயித்தான் கொட்டணும். வந்த வழியா திரும்பப் போனா திரும்ப ஊத்துல வியும். இந்தக் களத்து மேலயே போனாத்தான் உண்டு. களம் அந்தப் பக்கமும் போவுது. பாதி உங்களுது, பாதி சின்னண்ணாது. நடுவுல வரப்பு."

இரண்டு பேரும் வரப்பைப் பார்த்தார்கள்.

"வரப்ப வெட்டக் கூடாது" என்றார் முத்துகிருஷ்ணன்.

"வரப்ப வெட்டக் கூடாதுன்னு சொல்லு" என்றார் சுகுமார்.

ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவை. மார்த்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வரப்பு என்றால் மண்தானே என்று வெளியூர்க்காரன் நினைப்பான். ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆனால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பின் மேல் ஏறி நின்றாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேச வேணாம். எங்கிட்ட பேசுங்க. வரப்ப வெட்றது நானு. பன்னெண்டு அடி. ரெண்டு கோடியிலயும் குச்சி நட்டுட்டுத்தான் வெட்டுவேன். பொய்து சாயறதுக்குள்ள நானே கட்டித் தருவேன். ஒரு விரக்கட தப்புனா எங்கிட்ட வந்து கேளுங்க. சின்னண்ணா நெல்லு மொதல்ல. ஏன்னா வண்டி போற வழி அவரு நெல்லுதான். அறுக்காம போனா மிதிபடும். அது முடிஞ்ச ஒடனே அதே வழியா திரும்பி வந்து பெரியண்ணாது. ஊத்து மூல மட்டும் கையாலதான் அறுக்கணும். நாளைக்கி நாலு பொம்பளைங்கள இட்டுகினு வரேன். சரியா?"

"அவன்து மொதல்லன்னா ஊரு இன்னா சொல்லும்?"

"பெரியண்ணா வரப்ப வெட்டி வழி வுட்டாருன்னு சொல்லும்."

முத்துகிருஷ்ணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அவன் ஒத்துக்கினானான்னு கேளு."

சுகுமார் பதினைந்து அடி தூரத்தில்தான் நின்றார். மார்த்தாள் மரியாதையாகத் திரும்பிக் கேட்டாள். "சின்னண்ணா, ஒத்துக்கிறீங்களா?"

"அவரு ஒத்துக்கினா நானும் ஒத்துக்கிறேன்னு சொல்லு."

"ஒத்துக்கினாராம்ண்ணா."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

முதல் வெட்டு விழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்குள் ஜான்சன் கையில் இருந்த போன் அடித்தது. ஏழு மணி என்று சொல்லப்பட்ட மூன்றாவது ஆள், ஆண்டாளம்மாள். அவன் பேந்தப் பேந்த விழிக்க, மார்த்தாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"யம்மா, நான் மார்த்தா. இன்னிக்கி உங்களுக்கு மெஷின் வராது. நாளைக்கிப் பனி காஞ்ச அப்பறம், ஒம்போது மணிக்கு வரும். ஆளுங்கள அனுப்பிடுங்க. ஒக்கார வெச்சிக்காதீங்க."

அந்தப் பக்கமிருந்து திட்டு வரும் என்று ஜான்சன் தோளைக் குறுக்கிக்கொண்டான். வரவில்லை.

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் காத்தால இருந்து ரோட்டப் பாத்துகினு கெடப்பனா?" என்றாள் ஆண்டாளம்மாள். "சரி. நாளைக்கி ஒம்போது. நீ சொல்ற, நான் நம்புறேன்."

---

நாலரை மணிக்குக் கடைசி லோடும் டிராக்டரில் விழுந்தது. வெங்கடேசன் மெஷினை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஆத்தூருக்குப் போன் போட்டான். மார்த்தாள் வரப்பில் மண் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"அஞ்சு ஏக்கரா ஓடிருச்சுங்க... ஆமாங்க, மேஸ்திரி கூடவே நின்னாங்க... இல்லீங்க, பையன் இல்லீங்க. அவங்கம்மா... ஆமாங்க, பொம்பளதானுங்க. ஏனுங்க, மண்ணுக்கு அது தெரியுங்களா?"

பேசி முடித்துவிட்டு வரப்போரம் வந்து நின்றான்.

"அக்கா, வண்டி மதுராந்தகம் போகலீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கதான். திங்கக்கெழம பழையசீவரத்துல இருவது ஏக்கரா சொல்லியிருக்காங்களாம். நீங்களே வந்து வண்டிய எறக்கிக் குடுப்பீங்கன்னா, இந்த அறுப்பு முடியற மட்டும் வண்டி உங்க கையிலதான்னு சொல்லிட்டாருங்க."

அவன் போனதும் ஜான்சன் மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் மண்ணை அள்ளிப் போட, அவள் காலால் மிதித்துக் கெட்டியாக மெத்தி வந்தாள். இரண்டு கோடியிலும் குச்சி இருந்தது. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே வரப்பு மெதுவாக எழும்பியது.

"கம்பெனிலருந்து ஃபோன் வந்துச்சாமே" என்றாள் மார்த்தாள்.

மண்வெட்டி நின்றது. "அந்த ஓட்ட வாயி சொல்லிட்டாளா?"

"யாரு சொன்னா இன்னா? ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா போன்னு சொல்லுவ. நான் போயிட்டா அப்பா பேரு இன்னா ஆவறது? பதினோரு வருஷம்மா. ஊரே அவர மேஸ்திரி மேஸ்திரின்னு கூப்புட்டாங்க. எனக்கு இந்த வேல வரலன்னு எனக்கும்தான் தெரியுது. அதுக்காவ வுட்டுட்டுப் போவ முடியுமா?"

மார்த்தாள் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தாள். எதையோ யோசித்தவள், நின்றுவிட்டாள்.

"உங்கப்பா தெனம் சோறு துன்றப்போ எங்கிட்ட கேப்பாருடா. அந்த ஏரிக்கரையாண்ட கயனி எப்பிடிடீ, இந்த மதகாண்டது எப்பிடிடீன்னு. நான் ஏதோ பேச்சுக்குக் கேக்குறாருன்னு நெனச்சிகினு, கொயம்ப ஊத்திகினே சொல்லுவேன். அங்க போவாத, கால் எறங்கும். இங்க கெட்டி. அந்தாண்ட வாய்க்கா கசியும், ஒரு நாள் வுட்டுப் போ. இப்பிடி." அவள் குரல் இறங்கியது. "கேட்டுகினு போயித்தான் வேல பாத்துக்கீறாரு. எனக்கு இன்னிக்கித்தாண்டா தெரியுது."

ஜான்சன் அவளையே பார்த்தான். "அப்பா ஒண்ணியும் சொன்னதே இல்லியா?"

"சொன்னா இவ கூலி கேப்பான்னு பயந்திருப்பாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானையில் இருந்த சேறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஜான்சன் கிரீஸ் கையால் அதைத் துடைக்கப் போய் இன்னும் கறுப்பாக்கினான்.

"நீ அந்த மெஷினுக்குள்ள தலைய வுட்டுட்டு வந்தியே, அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள். "பொறந்ததுல இருந்து பாக்கிற மூஞ்சி. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு எனக்குத் தெரியாதா? நீ போடா."

"திங்கக்கெழம நீ பழையசீவரம் போவணும். நான் ஒரகடம் போயிட்டா?"

"ஷாரோனு வண்டில இட்டுகினு போவா."

"அது இல்லம்மா." அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "இங்க எல்லாக் கயனிலயும் நீ நடவு நட்டுக்கீற. அதனால தெரியுது. பழையசீவரத்துல நீ கால் வெச்சதே இல்லியே. பாலாத்து மண்ணு. அங்க எங்க எறங்கும், எங்க நிக்கும்னு உனக்கு யாரு சொல்லுவா?"

மார்த்தாள் சேறு படிந்த தன் கால்களைப் பார்த்தாள்.

"திங்கக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் கீதுல்ல" என்றாள் கடைசியில்.

"எனக்கும் அதே மூணு நாள்தான்" என்றான் அவன்.

வரப்பின் கடைசித் துண்டை மெத்திவிட்டு, குச்சிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு, இருவரும் ரோட்டுக்கு ஏறினார்கள். கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே மார்த்தாளின் போன் அடித்தது. முத்துகிருஷ்ணன்.

"மார்த்தா, வரப்பு சரியா கட்டிட்டியா? அவன் வந்து பாத்தானா? இன்னா சொன்னான்?"

"இன்னும் பாக்கலண்ணா. நீங்களே வந்து பாருங்க."

வைத்த அடுத்த நிமிஷம் மறுபடி அடித்தது. இந்தத் தடவை சுகுமார்.

"அவரு ஃபோன் போட்டாரா மார்த்தா? இன்னா கேட்டாரு?"

ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லி, இவர் சொன்னதை அவரிடம் சொல்லி, வீடு போய்ச் சேர்வதற்குள் நான்கு தடவை போன் வந்துவிட்டது. முத்துகிருஷ்ணன் வீட்டுக்கும் சுகுமார் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒன்பது வருஷமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை.